மலையேறும் சைக்கிள்களும் மலையகச் சிறுவரின் இசையும்

அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை, வட்டவளை வழியாக ஹட்டனுக்கு ஏறும் வீதி சைக்கிளோட்டிகளுக்கு ஒரு பரீட்சைக்களம் எனலாம். தாழ்நிலத்தில் தொடங்கும் பயணம் ஹட்டனை அடையும்போது ஏறத்தாழ 1270 மீற்றர் உயரத்துக்கு வந்துவிடும். அங்கிருந்து நோர்வூட் பக்கமாகத் திரும்பினால், ஹட்டனுடன் ஒரே நகர சபையின் கீழ் அமைந்திருக்கும் டிக்கோயா வருகின்றது. வீதியின் இருமருங்கிலும் தேயிலை. அதற்கு அப்பால் லயன்கள். லயன்களுக்கு மேலே மீண்டும் தேயிலை.

இவ்வாறான பாதைகளில் நெடுந்தூரம் சைக்கிளோட்டி, அதன்மூலம் ஒரு நற்பணிக்கு நிதி திரட்டும் வழக்கம் உலகெங்கும் வளர்ந்து வருகின்றது. நோயாளர் பராமரிப்பு, கல்வி, குடிநீர் எனப் பல தேவைகளுக்காக நடத்தப்படும் இப்பயணங்கள் மேற்கு நாடுகளில் சிறுவர்களின் இசைக் கல்விக்காகவும் நடைபெறுகின்றன. அத்தகையதொரு பயணம் டிக்கோயாவை நோக்கி வருமாயின் அதனால் இங்குள்ள பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்? வயலின்கள் கிடைக்கும், புகைப்படங்கள் கிடைக்கும் என்பதில் ஐயமில்லை. இசை கிடைக்குமா என்பதே கேள்வி. சைக்கிள் பயணம் சில நாட்களில் முடிந்துவிடுகின்றது. இசைக் கல்வியோ பல வருடங்கள் தொடர வேண்டியது. இவ்விரண்டையும் எவ்வாறு இணைப்பது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இப்பயணங்கள் இயங்கும் முறையைப் பார்ப்போம். பயணத்தில் கலந்துகொள்பவர் தனது உறவினர், நண்பர், சக ஊழியர் ஆகியோரிடம் சென்று, தான் ஓடப்போகும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் இவ்வளவு தொகை தரவேண்டும் என்றோ, பயணத்தை நிறைவு செய்தால் இவ்வளவு தரவேண்டும் என்றோ வாக்குறுதி பெறுகின்றார். நிறுவனங்கள் அனுசரணை வழங்குகின்றன. சில பயணங்களில் ஒவ்வொருவரும் திரட்ட வேண்டிய ஆகக்குறைந்த தொகையை ஏற்பாட்டாளர்களே நிர்ணயித்து விடுகின்றனர். வெறுமனே கை நீட்டிப் பணம் கேட்பவருக்கும், "நான் இவ்வளவு தூரம் உடலை வருத்துகிறேன், நீங்கள் உங்களால் இயன்றதைத் தாருங்கள்" என்று கேட்பவருக்கும் வேறுபாடு உண்டு. நேர்த்திக்கடனுக்காகக் காவடி எடுப்பவரையும் பாத யாத்திரை செல்பவரையும் நன்கறிந்த எமது சமூகத்துக்கு இந்த மனநிலையை விளக்க வேண்டிய அவசியமில்லை. உடல் வருத்தத்தைக் காணும் மனம் இளகுகின்றது.

இதன் வரலாற்றில் 1980 ஆம் ஆண்டு முக்கியமானது. புற்றுநோயால் ஒரு காலை இழந்த கனேடிய இளைஞர் டெரி ஃபொக்ஸ், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காகச் செயற்கைக் காலுடன் கனடாவைக் குறுக்கே ஓடிக் கடக்க முற்பட்டது அவ்வருடத்திலேயாகும். 143 நாட்களில் 5373 கிலோமீற்றர் ஓடிய பின்னர் நோய் மீண்டும் தாக்கியதால் அவர் நிறுத்த நேர்ந்தது. 1981 இல் காலமானார். அதே 1980 இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 36 நண்பர்கள் சேர்ந்து ஒரு சைக்கிள் பயணத்தைத் தொடங்கினர். முதல் வருடத்தில் அவர்கள் திரட்டியது 10,200 டொலர் மாத்திரமே. இன்று 'பான்-மாஸ் சலஞ்ச்' என அறியப்படும் அப்பயணம், தொடங்கிய காலம் முதல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும் திரட்டிக் கொடுத்த தொகை நூறு கோடி டொலரைத் தாண்டிவிட்டது. சைக்கிளோட்டிகள் திரட்டும் பணம் முழுவதும் மருத்துவ நிலையத்துக்கே செல்கின்றது. ஒழுங்கமைப்புச் செலவுகளைப் பதிவுக் கட்டணங்களும் அனுசரணையாளர்களும் ஏற்றுக்கொள்கின்றனர். இந்த ஏற்பாடே அப்பயணத்தின் நம்பிக்கைக்கு அடித்தளம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1994 இல் கலிபோர்னியாவில் தொடங்கி அமெரிக்காவின் பல நகரங்களுக்குப் பரவிய எயிட்ஸ் நிவாரண சைக்கிள் பயணங்கள் பெருந்தொகைப் பணத்தைத் திரட்டின. ஆயினும் அவற்றுள் சிலவற்றில் விளம்பரத்துக்கும் ஒழுங்கமைப்புக்கும் செலவான பங்கு அளவுக்கு மிஞ்சியது என்ற கண்டனம் எழுந்தது. அப்பயணங்களை நடத்திய நிறுவனம் 2002 இல் தன் பணியை நிறுத்திக்கொண்டது. திரட்டிய தொகை எவ்வளவு என்பதைவிட, போய்ச் சேர்ந்த தொகை எவ்வளவு என்பதையே கேட்க வேண்டும் என்ற பாடத்தை அந்த அனுபவம் உலகுக்குக் கற்பித்தது.

நமது நாட்டில் இவ்வகை முயற்சிகளுள் மிகப் பெரியது சைக்கிளில் அல்ல, கால்நடையாகவே நடந்தது. நேதன் சிவகணநாதன், சரிந்த உணம்புவ ஆகியோரின் முன்முயற்சியில் 2011 ஜூலையில் 'ட்ரெயில்' என்ற நடைபயணம் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை சுமார் 670 கிலோமீற்றர் தூரத்தைக் கடந்தது. போர் முடிந்து இரண்டு வருடங்களே ஆகியிருந்த காலம் அது. திரட்டப்பட்ட நிதியைக் கொண்டு தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2016 இல் அதே பயணம் எதிர்த்திசையில், பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்கு நடந்தது. இம்முறை நிதி காலி கராப்பிட்டியவில் அமையவிருந்த புற்றுநோய் வைத்தியசாலைக்காகத் திரட்டப்பட்டது. தெற்கு நடந்து வடக்குக்குக் கொடுத்தது. பின்னர் வடக்கிலிருந்து நடந்து தெற்குக்குக் கொடுத்தார்கள். கடல் கடந்து பார்த்தால், தென்னிந்தியாவின் தேயிலை மலைகளில் 2008 முதல் நடைபெற்றுவரும் 'நீலகிரி சைக்கிள் பயணம்' தொண்டு நோக்கையும் தன்னுடன் இணைத்துக்கொண்டுள்ளது. ஆகவே மலைப் பாதையும் சைக்கிளும் தொண்டும் ஒன்றுசேர்வது எமது பிராந்தியத்துக்குப் புதிதன்று.

ஆனால் வைத்தியசாலைக்கும் இசைக் கல்விக்கும் அடிப்படையில் ஒரு வித்தியாசம் இருக்கின்றது. வைத்தியசாலைக் கட்டடம் ஒருமுறை எழுந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியும். வைத்தியர்களையும் தாதியரையும் நியமித்துச் சம்பளம் கொடுப்பதற்கு அரசாங்கம் இருக்கின்றது. இசைக் கல்வியில் கண்ணுக்குத் தெரிவது வாத்தியக் கருவி மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத ஆசிரியரின் உழைப்பும் பிள்ளையின் பயிற்சியும்தான் அங்கு முக்கியமானவை. நன்கொடையாளர்கள் கண்ணுக்குத் தெரிவதையே கொடுக்க விரும்புகின்றனர். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு தோட்டப் பாடசாலைக்குச் சென்றிருந்தபோது அதிபரின் அறை அலுமாரியில் ஒரு கீபோர்ட் பெட்டியுடன் பூட்டி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். அன்பளிப்பாக வந்தது என்றார்கள். வாசிக்கக் கற்றுக்கொடுக்க ஒருவரும் இல்லை. பிள்ளைகள் தொட்டால் பழுதாகிவிடும் என்ற பயமும் இருந்தது. அதிபரைக் குறைகூற முடியாது. ஆசிரியர் இல்லாத கருவியை அவர் வேறு என்ன செய்வார்?

டிக்கோயாவின் நிலைமையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். எமது பாடசாலைகளில் ஆறாம் தரத்திலிருந்து சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம் ஆகிய அழகியல் பாடங்களுள் ஒன்றை மாணவர் தெரிவுசெய்யலாம் என்பது ஏற்பாடு. ஆனால் சங்கீத ஆசிரியர் இல்லாத பாடசாலையில் அந்தத் தெரிவு ஏட்டளவில் நின்றுவிடுகின்றது. இருக்கின்ற ஆசிரியர் எதைக் கற்பிப்பாரோ அதுவே பிள்ளையின் 'தெரிவு' ஆகின்றது. கர்நாடக சங்கீதத்தில் பட்டம் பெற விரும்பும் தமிழ் மாணவர் செல்லவேண்டிய இடங்கள் மருதனார்மடத்தில் 1960 இல் தொடங்கப்பட்டு, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகமும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் மட்டக்களப்பில் இயங்கும் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமுமாகும். தகுதிப் பரீட்சைகளை நடத்திக் கலாவித்தகர் பட்டம் வழங்கும் வட இலங்கை சங்கீத சபையின் வேரும் வடக்கிலேயே உள்ளது. இந்த நிறுவனங்கள் தமிழிசைக்கு ஆற்றிய பணி அளப்பரியது. எனினும் அவை யாவும் கொழுந்து பறிக்கும் மலைகளிலிருந்து வெகுதூரத்தில் இருக்கின்றன. கொட்டகலைக்கு அருகே பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி மலையகத்துக்கு ஆசிரியர்களை உருவாக்கித் தந்தது போல, மலையகத்துக்கென இசை ஆசிரியர் பரம்பரை ஒன்றை உருவாக்கும் ஏற்பாடும் அவசியமாகும்.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தைத் தவிர்த்துக்கொள்வது நல்லது. மலையகத்துக்கு வெளியிலிருந்துதான் இசை வரவேண்டும் என்பதில்லை. தப்பு முழங்க, காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் ஆடப்பட்டுவரும் மண் இது. தேயிலைத் தோட்டங்களில் பாடப்பட்ட நாட்டார் பாடல்களைத் திரட்டி நூலாக்கினார் சி.வி. வேலுப்பிள்ளை. ஒரு காலத்தில் விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்பியதும் தப்பின் ஒலியே. சாவு வீட்டிலும் அதுவே ஒலித்தது. கோவில் திருவிழாவிலும் அதுவே ஒலித்தது. அதே பள்ளத்தாக்கில், காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் வோர்லி கிறிஸ்து தேவாலயத்தில் பைப் ஓர்கன் ஒன்று இருக்கின்றது. 1878 இல் தோட்டத் துரைமாரின் காலத்தில் எழுந்த தேவாலயம் அது. ஒரே மலையில் இரண்டு இசைகள் ஒலித்தன. ஒன்று தேவாலயத்துக்குள் பாதுகாக்கப்பட்டது. மற்றையது தோலைத் தீயில் காய்ச்சி வாசிக்கும் ஏழையின் கையிலேயே வளர்ந்தது, சாதி இழிவையும் சேர்த்துச் சுமந்தது. இசைக் கல்விக்கென்று வரும் எந்தத் திட்டமும் வயலினை மேடையில் வைத்துத் தப்பை வாசலில் நிறுத்துமாயின், அது உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு பழைய இழிவையே பிள்ளைகளுக்கு மீண்டும் கற்பிக்கும்.

"லயன் அறைகள் ஒழுகும்போது இசை ஒரு கேடா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். 2025 நவம்பர் இறுதியில் தித்வா சூறாவளியோடு வந்த மழையும் மண்சரிவும் மலையகத்தில் ஏற்படுத்திய அழிவை நாம் மறந்துவிட முடியாது. வீடும் காணியும் சம்பளமும் முதன்மையான உரிமைகள் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் அந்த உரிமைகளைக் கொடுக்கவேண்டிய கடப்பாடு அரசாங்கத்துக்கும் கம்பனிகளுக்கும் உரியது. சைக்கிளோட்டிகளின் நிதி அதற்கு ஈடாகாது. ஈடாக்க முயல்வதும் தவறு. மேலும், வறிய வீட்டுப் பிள்ளைக்குச் சோறு மட்டும் போதும், பாட்டு வேண்டாம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை எவரும் நமக்குத் தரவில்லை. கொழும்பில் வசதியுள்ள பெற்றோர் தம் பிள்ளையை வயலின் வகுப்புக்கு அனுப்பும்போது அதன் பயன் என்னவென்று எவரும் கணக்குக் கேட்பதில்லை.

இசை கற்றால் கணிதத்தில் கெட்டிக்காரராகலாம் என்று சொல்லி நிதி கேட்பதும் சரியன்று. கலிபோர்னியாவில் நடத்தப்பட்டு 1993 இல் வெளியான ஒரு சிறு ஆய்வே 'மோசார்ட் விளைவு' என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். அவர்கள் சில நிமிடங்கள் இசையைக் கேட்டார்கள், அவ்வளவே. ஒரு குறிப்பிட்ட வகைப் பரீட்சையில் தென்பட்ட முன்னேற்றமும் பத்துப் பதினைந்து நிமிடங்களில் மறைந்துவிட்டது. ஆனால் இசையைக் கேட்பதற்கும் வாசிக்கக் கற்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வறிய பகுதிச் சிறுவர்களுக்கு இலவசமாக இசை கற்பிக்கும் ஒரு திட்டத்தை நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசீலித்து 2014 இல் வெளியிட்ட முடிவு கவனத்துக்குரியது. இசை பயின்ற பிள்ளைகளின் மூளை பேச்சொலிகளைப் பிரித்தறியும் திறனில் முன்னேற்றம் தென்பட்டது. ஆனால் அது ஒரு வருடப் பயிற்சியின் பின் தென்படவில்லை, இரண்டு வருடப் பயிற்சியின் பின்னரே தென்பட்டது. இசைக்குப் பணம் கொடுக்க விரும்பும் ஒவ்வொருவரும் மனத்திற் கொள்ளவேண்டிய செய்தி இது.

இசைக் கல்வியில் வெற்றி கண்ட முயற்சிகள் யாவும் இதே பாடத்தையே சொல்கின்றன. பொருளியலாளரும் இசைக் கலைஞருமான ஹோசே அன்டோனியோ அப்ரேயு 1975 இல் வெனிசுவேலாவின் கராகஸ் நகரில் ஒரு வாகனத் தரிப்பிடத்தில் 11 பிள்ளைகளுடன் தொடங்கிய 'எல் சிஸ்டெமா', பின்னர் இலட்சக்கணக்கான சிறுவரைச் சென்றடைந்தது. அதற்குக் காரணம் அரசாங்கங்கள் மாறியபோதும் அரச நிதி தொடர்ந்தமையாகும். அதன் கட்டுப்பாட்டு முறை பற்றிய கடுமையான விமர்சனங்களும் பின்னாளில் வெளிவந்தன. அவற்றையும் சேர்த்தே நாம் கற்கவேண்டும். இந்தியாவில், டார்ஜிலிங் தேயிலை மலைகளுக்கு அண்மையிலுள்ள கலிம்போங்கில், கனேடிய யேசு சபைக் குருவான எட்வர்ட் மக்குவையர் 1993 இல் காந்தி ஆச்சிரமப் பாடசாலையைத் தொடங்கினார். கூலித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அங்கு உணவும் கல்வியும் கிடைத்தன. எல்லாப் பிள்ளைகளுக்கும் வயலினும் கற்பிக்கப்பட்டது. திறமையுள்ளவரைத் தேடிப் பொறுக்கி எடுக்கவில்லை என்பதே அதன் சிறப்பு. சென்னையில் 2008 இல் ஆரம்பமான கே.எம். இசைக் கல்லூரியோடு இணைந்து, ஏ.ஆர். ரஹ்மானின் அறக்கட்டளை வசதி குறைந்த பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சியளித்து 'சன்ஷைன்' இசைக்குழுவை உருவாக்கியது. இலங்கையிலும், எல் சிஸ்டெமாவை முன்மாதிரியாகக் கொண்ட 'மியூசிக் புரொஜெக்ட்', போருக்குப் பின்னர் குருநாகல், முல்லைத்தீவு மாவட்டங்களின் சிங்கள, தமிழ் மாணவர்களை ஒரே இசைக்குழுவில் அமர்த்தியது. மொழி புரியாத இரு பிள்ளைகள் ஒரே தாளத்துக்குக் கட்டுப்பட்டு வாசிப்பது, மேடைப் பேச்சுகள் சாதிக்காததைச் சாதிக்கக்கூடும்.

இனி, சைக்கிள் பயணத்தின் பணம் எவ்வாறு கரைகின்றது என்பதை ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் பார்ப்போம். 20 பேர் 150 கிலோமீற்றர் ஓடுகின்றனர் என்றும், ஒவ்வொருவரும் கிலோமீற்றருக்கு 500 ரூபா வீதம் வாக்குறுதி பெற்றுள்ளனர் என்றும் கொள்வோம். ஒருவர் திரட்டுவது 75,000 ரூபா. 20 பேரும் சேர்ந்து 15 இலட்சம் ரூபா. பாதுகாப்பு வாகனம், தங்குமிடம், முதலுதவி, பதாகை முதலியவற்றுக்கு 3 இலட்சம் கழிந்தால் எஞ்சுவது 12 இலட்சம். அதனைக் கொண்டு வாத்தியங்கள் வாங்கினால் ஒரே நாளில் விழா எடுத்து முடித்துவிடலாம். மாதம் 50,000 ரூபா ஊதியத்தில் ஒரு இசை ஆசிரியரை நியமித்தால் 24 மாதங்கள், அதாவது சரியாக இரண்டு வருடங்கள் கற்பிக்கலாம். ஆனால் ஒரு வாத்தியம்கூட வாங்க முடியாது. செலவுத் தொகையை அனுசரணையாளர் ஏற்றுக்கொண்டால் அந்த 3 இலட்சம் வாத்தியங்களுக்கு மிஞ்சும். ஆகவே பெருந்தொகை போலத் தோன்றும் 15 இலட்சமும் உண்மையில் ஒரு ஆசிரியர், சில வாத்தியங்கள், இரண்டு வருடங்கள் என்ற அளவிலேயே அடங்கிவிடுகின்றது. இதை முதலிலேயே உணர்ந்துகொண்டால் பத்துப் பாடசாலைகளுக்குத் தலா இரண்டு வயலின் பகிர்ந்தளிக்கும் எண்ணம் தோன்றாது.

இதே கணக்கில் இன்னொரு விடயமும் புலப்படுகின்றது. கற்பனைச் சைக்கிளோட்டி மூன்று கிலோமீற்றர் ஓடியதும் 1500 ரூபா சேர்ந்துவிடுகின்றது. 2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை தோட்டத் தொழிலாளரின் நாளாந்த அடிப்படைச் சம்பளமாக நிர்ணயித்தது 1350 ரூபா. அதே சரிவில் நாள் முழுதும் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த ஒரு தாயின் உழைப்புக்குக் கிடைத்த பெறுமதி அது. சைக்கிளோட்டியைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. தாம் ஏறிவரும் மலையில் நாள்தோறும் ஏறுகின்றவர்கள் இருக்கிறார்கள் என்பதை அவர் அறிந்து வரவேண்டும் என்பதற்காகவே சொல்கின்றோம்.

நடைமுறைச் சிக்கல்களும் பல. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இம்மலைகளை நனைக்கின்றது. வட்டவளைப் பகுதி மழைக்குப் பேர்போனது. மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரையான காலம் ஓட்டத்துக்கு ஏற்றது. ஆனால் அதுவே சிவனொளிபாதமலைப் பருவகாலமும் ஆகும். வார இறுதிகளில் யாத்திரிகர் வாகனங்கள் ஹட்டன் வீதியை நிறைத்துவிடும். ஆகையால் நாளைத் தெரிவு செய்வதில் பொலிஸாருடனும் நகர சபையுடனும் முன்கூட்டியே கலந்துபேச வேண்டும். ஈரலிப்பான காலநிலை வாத்தியங்களுக்கும் பகை. வயலினின் ஒட்டுகள் விடும். மிருதங்கத்தின் தோல் தொய்யும். நரம்பு அறுந்தால் யார் மாற்றுவது, தோல் கிழிந்தால் எங்கே அனுப்புவது என்பதற்குப் பதில் இல்லாமல் வாத்தியம் வாங்கலாகாது. வகுப்பு நேரமும் அவ்வாறே. தூரத்து டிவிசனிலிருந்து நடந்துவரும் பெண்பிள்ளை இருட்டும் முன் வீடு திரும்ப வேண்டும். மாலை ஐந்து மணிக்கு வைக்கும் வகுப்பு பட்டியலில் அழகாக இருக்கும், பிள்ளைகள் இருக்கமாட்டார்கள்.

பயணத்தை வரவேற்பதற்கென மாணவர்களை மாலையும் கையுமாக மணிக்கணக்கில் வீதியோரத்தில் நிறுத்தி வைக்கும் வழக்கம் அறவே ஒழிய வேண்டும். மலையேறும் சைக்கிள் எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. பிள்ளைகளின் வறுமையைப் படம்பிடித்து நிதி திரட்டுவதும் அவர்களின் மானத்தை விற்பதற்குச் சமம். வருகின்றவர்கள் ஒரு மணித்தியாலம் பாடசாலையில் அமர்ந்து பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்கட்டும். தோட்டத்து முதிய கலைஞர் ஒருவரிடம் தப்பின் அடிகளைக் கேட்டறியட்டும். அந்தக் கலைஞருக்கும் ஆசிரியர் என்ற மரியாதையும் ஊதியமும் கொடுக்கப்படட்டும்.

2023 இல் மலையகத் தமிழரின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்டில் மாத்தளையில் நிறைவுற்ற நடைபவனியை வாசகர்கள் அறிவர். கோப்பித் தோட்டங்களுக்காக அழைத்துவரப்பட்ட முன்னோர் நடந்த பாதை அது. அவர்களுள் பலர் வழியிலேயே மாண்டனர். அந்த நடைபவனி எவரிடமும் பணம் கேட்கவில்லை. தம்மை இந்நாட்டின் சமமான மக்களாக ஏற்றுக்கொள்ளுமாறே கேட்டது. மலையகத்தை நோக்கி வரும் எந்தப் பயணமும் இந்த நினைவோடு வருவது பொருத்தமாகும். மலையகத்தார் தர்மம் வாங்கக் காத்திருப்பவர்கள் அல்லர்.

எனவே, டிக்கோயாவுக்கோ மலையகத்தின் வேறெந்த ஊருக்கோ இசைக்காகச் சைக்கிளில் வர எண்ணுபவர்களிடம் சில உறுதிமொழிகளை நாம் கேட்கலாம். பல பாடசாலைகளுக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்காமல் ஒரு பாடசாலையைத் தெரிவு செய்து இரண்டு வருடங்களுக்குக் குறையாமல் ஆசிரியர் ஊதியத்தை உறுதிசெய்யுங்கள். பொதுமக்களிடம் திரட்டிய பணத்தைப் பயணச் செலவுக்கு எடுக்காதீர்கள். பெற்றோரும் அதிபரும் கல்வி வலயத்தினரும் அடங்கிய குழுவிடம் வருடந்தோறும் கணக்குக் காட்டுங்கள். வயலினுடன் தப்புக்கும் இடம் கொடுங்கள். அங்கு கற்கும் மூத்த மாணவர் ஒருவராவது யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ சென்று பட்டம் பெற்று, ஆசிரியராக இம்மலைக்குத் திரும்புவதற்குப் புலமைப்பரிசில் ஒன்றை ஒதுக்குங்கள். கல்வி அமைச்சும் தன் பங்குக்கு, அத்தகைய ஆசிரியருக்கு நிரந்தர நியமனம் வழங்கும் பொறுப்பிலிருந்து நழுவக்கூடாது. நன்கொடையாளர் தொடங்கி வைப்பதை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளாவிடின் மூன்றாம் வருடத்தில் வகுப்பறை மீண்டும் மௌனமாகிவிடும்.

சைக்கிளோட்டி மலையுச்சியை அடைந்ததும் அவரது பயணம் முடிவடைகின்றது. வயலினில் முதல் சரளி வரிசையை வாசிக்கும் பிள்ளையின் பயணமோ அன்றுதான் ஆரம்பமாகின்றது. அந்தப் பிள்ளை அடுத்த வருடமும் அதற்கு அடுத்த வருடமும் அதே வகுப்பில் அமர்ந்திருக்கின்றதா என்று தேடிப் பார்ப்பதே இப்பயணங்களின் வெற்றியை அளக்கும் வழியாகும்.